ஆறு கோர், நாலு கோர், ஒரு மல்லாட்டைக் கொல்லை

கொல்லையில் வெட்டிய குழி மூன்றே நாளில் மூடப்படும் என்று விழுப்புரம் டெலிபோன் அதிகாரி வெங்கடாசலம் கோவிந்தம்மாளிடம் வாக்குக் கொடுத்திருந்தார். அதை எழுதிக் கொடுக்கச் சொன்னதற்கு, மூன்று நாள் வேலைக்கு எழுத்து எதற்கு என்று கேட்டார். அப்போது அது நியாயமாகத்தான் பட்டது.

எண்பத்தொன்பதாம் வருஷம், மாசி மாதம். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில், கூட்டேரிப்பட்டுக்குத் தெற்கே வேப்பமேடு என்று ஒரு ஊர். அங்கே நெடுஞ்சாலையை ஒட்டி கோவிந்தம்மாளுக்கும் அவள் புருஷன் பெரியதம்பிக்கும் ஒன்றரைக் காணிக் கொல்லை இருந்தது. கிணறு உண்டு, மோட்டார் உண்டு. மார்கழியில் விதைத்த மல்லாட்டை என்கிற நிலக்கடலை பூவெடுத்து, விழுது மண்ணுக்குள் இறங்குகிற நேரம். இந்த நேரத்தில் ஒரு தண்ணீர் தப்பினால் காய் பிடிக்காது. பிடித்தாலும் உள்ளே பருப்பு இருக்காது.

இலாகா அந்த வருஷம் புது மாதிரி டெலிபோன் கேபிள் போட்டுக்கொண்டிருந்தது. செம்புக் கம்பி இல்லை. தலைமுடி கனத்தில் கண்ணாடி இழை. அதற்குள் வெளிச்சம் ஓடுமாம், வெளிச்சத்தோடு பேச்சும் ஓடுமாம். அந்த இழை ஒவ்வொன்றுக்கும் கோர் என்று பெயர். சாலையோரமாகவே வந்த குழி, வேப்பமேட்டில் ஒரு பெரிய புளியமரத்தில் முட்டிக்கொண்டது. மரத்தை வெட்ட இன்னொரு இலாகாவின் அனுமதி வேண்டும். மல்லாட்டையை வெட்ட யார் அனுமதியும் வேண்டியதில்லை. ஆகவே குழி மரத்தைச் சுற்றிக்கொண்டு கோவிந்தம்மாளின் கொல்லைக்குள் இருபது அடி நுழைந்தது.

விழுப்புரத்து ஆட்கள் வடக்கு நோக்கி வெட்டிக்கொண்டு வந்தார்கள். திண்டிவனத்து ஆட்கள் தெற்கு நோக்கி வந்தார்கள். இரண்டு கூட்டமும் கொல்லையில் சந்தித்தபோது அங்கே ஓர் ஆள் ஆழத்துக்குப் பெரிய குழியாக எடுத்து, இரண்டு கேபிள் முனைகளையும் அதில் விட்டார்கள். கேபிளை ஒட்டுகிற மெக்கானிக் சவுரிராயன் உள்ளே இறங்கினார். முனைகளை உரித்து எண்ணினார். மேலே ஏறி வந்து டீ குடித்தார். மறுபடி இறங்கி எண்ணினார்.

கோவிந்தம்மாள் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னாங்க, எதனா தொலைஞ்சி போச்சா?"

"தொலையலம்மா, ஜாஸ்தியா இருக்குது. விழுப்புரத்து ஒயர்ல நாலு. திண்டிவனத்து ஒயர்ல ஆறு."

"நாலுக்கு நாலு ஒட்டிட்டு மீதி ரெண்ட சுருட்டி வெச்சிட வேண்டியதுதானே?"

சவுரிராயன் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "அதான் சரி. எனக்கு அரை நாள் வேல. ஆனா மேல இருந்து ஆர்டர் வரணும்மா."

ஆர்டர் வரவில்லை. அதற்குப் பதிலாக ஒரு தார்ப்பாய் வந்தது, நான்கு கம்புகள் வந்தன, 'தொடாதே' என்று எழுதிய தகரப் பலகை வந்தது. கூடவே வாய்மொழியாக ஒரு உத்தரவும் வந்தது. திறந்து கிடக்கும் கண்ணாடி முனையில் ஈரம் பட்டால் மங்கிவிடுமாம். ஆகையால் குழி மூடும்வரை கொல்லைக்குத் தண்ணீர் பாய்ச்சக் கூடாது.

"எத்தினி நாளைக்கு?" என்று கோவிந்தம்மாள் கேட்டாள்.

"மூடுற வரைக்கும்" என்றார் உத்தரவு கொண்டுவந்தவர்.

பெரியதம்பி, "சரிங்க ஐயா" என்றார். அவர் கிராம முன்சீப் காலத்திலிருந்தே காக்கிப் பையோடு வருகிறவர்கள் எல்லாருக்கும் அந்த இரண்டு வார்த்தைகளைத்தான் சொல்லி வந்தார். அதில் இதுவரை பெரிய நஷ்டம் எதுவும் வந்ததில்லை.

ஆறாம் நாள் கோவிந்தம்மாள் விழுப்புரத்துக்கு பஸ் ஏறினாள். வெங்கடாசலத்தின் மேஜைக்குப் பின்னால் சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு கடிதம் தொங்கியது. அவள் அதைப் பார்ப்பதைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"பாராட்டுக் கடிதம். இந்தக் கேபிளுக்காகத்தான் குடுத்தாங்க. பன்னண்டு கோர், ஆறு கோர், நாலு கோர்னு மூணு தினுசு வந்துச்சு. கிலோமீட்டருக்கு எது விலை கொறச்சல்? நாலு. உடனே நாலு போட்டுட்டேன். சர்க்கார் பணத்த என் சொந்தப் பணம் மாதிரி பார்க்கிறவன் நான்."

"நாலு போதுங்களா?"

"போதுமாங்கிற கேள்வி டெண்டர்ல இல்லம்மா."

"சரி. என் கொல்லைக் குழிய எப்ப மூடுவீங்க?"

அவர் நாற்காலியில் நிமிர்ந்தார். "என் பக்கத்துல எந்தத் தப்பும் இல்ல. நாலு வாங்கினேன், நாலும் வந்து சேர்ந்திருக்குது. ரெண்டு ஜாஸ்தியா இருக்கிறது அவங்க பக்கம். போய் திண்டிவனத்துல கேளுங்க."

அன்றே திண்டிவனத்துக்குப் போனாள். அங்கே அதிகாரி சீனுவாசன். அவர் அறையிலும் ஒரு கடிதம் மாட்டியிருந்தது. சட்டம் கொஞ்சம் பெரியது.

"விழுப்புரத்துக்காரரு கிலோமீட்டருக்கு எவ்ளோன்னு பாத்தாரு" என்றார் சீனுவாசன், ஒரு குழந்தையின் தவறைச் சொல்வது போல. "நான் கோருக்கு எவ்ளோன்னு பாத்தேன். ஆறு கோர் வாங்கினா ஒரு கோருக்கு வர்ற விலை அவர விட எனக்குக் கம்மி. இலாகாவே அசந்துபோச்சு."

கோவிந்தம்மாள் எட்டாவது வரை படித்தவள். கணக்கில் கெட்டி. "அப்படிப் பாத்தா பன்னண்டு கோர் இன்னும் கம்மியா இருந்திருக்குமேங்க?"

"இருந்துச்சு. ஆனா மொத்தத் தொகை என் அதிகாரத்துக்கு மேல போவுது. என் கையெழுத்து ஆறு கோர் வரைக்கும்தான் செல்லும்."

"வாங்கறதுக்கு முன்ன ரெண்டு பேரும் ஒரு வார்த்த பேசிக்கினு இருக்கக் கூடாதுங்களா?"

"பேசாம இருப்பனா? மூணு நாள் டிரங்க் கால் போட்டேன். விழுப்புரத்துக்கு லைன் கெடைக்கல. அந்தக் கொறையப் போக்கத்தானே அம்மா இந்தக் கேபிளே போடறோம்?"

அவள் மனு கொடுக்க வேண்டும் என்றாள். குமாஸ்தா ஒருவர் இரண்டு ஃபாரங்களை எடுத்து வைத்து, "உங்க புகார் நாலைப் பத்தியா, ஆறைப் பத்தியா?" என்று கேட்டார்.

"குழியப் பத்தி."

"குழிக்கு ஃபாரம் இல்லீங்களே" என்றார் குமாஸ்தா, உண்மையான வருத்தத்தோடு.

அவள் ஊர் திரும்பியபோது வெயில் தாழ்ந்திருந்தது. அப்போதும் செடிகள் இலையை மடித்துக்கொண்டு நின்றன. ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தாள். விழுதுகள் காய்ந்த மண்ணைத் துளைக்க முடியாமல் நுனி கருகிக் கிடந்தன. அந்தச் செடியைப் புருஷன் கையில் கொடுத்தாள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

பதின்மூன்றாம் நாள் ஒரு குழு வந்தது. அதற்குக் கோர் எண்ணிக்கை இணக்கக் குழு என்று பெயர். கணக்கு அதிகாரி நடராசன் தலைவர். வெங்கடாசலமும் சீனுவாசனும் உறுப்பினர்கள். அவர்கள் உட்காரக் கோவிந்தம்மாள் வீட்டிலிருந்துதான் மூன்று நாற்காலிகள் போயின. புளியமர நிழலில் கூட்டம் தொடங்கியது. குழியோரம் சவுரிராயனும், குழி வெட்டிய ஆட்களின் மேஸ்திரி விருத்தாசலமும் நின்றார்கள். பெரியதம்பி மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றார்.

"ஆறில் இரண்டை வெட்டிவிடலாம்" என்று வெங்கடாசலம் தொடங்கினார்.

"அரசுச் சொத்தைச் சேதப்படுத்துவதா?" என்று சீனுவாசன் எழுந்தே விட்டார். "நாலு கோரைப் பிடுங்கிவிட்டு ஆறு கோர் போடுங்கள்."

"அப்படியானால் என் பாராட்டுக் கடிதம்?"

தலைவருக்கும் அது சங்கடமாகத்தான் இருந்தது. பாராட்டுக் கடிதத்தைத் திரும்பப் பெற விதியில் இடமில்லை.

சவுரிராயன் கையைக் கட்டிக்கொண்டு, "சார், நாலுக்கு நாலு ஒட்டி, ரெண்ட ஸ்பேரா வெச்சிடலாம். எதிர்காலத்துக்கு ஆவும்" என்றார்.

நடராசன் புன்னகை செய்தார். "மிஸ்டர் சவுரிராயன், எதிர்காலம் என்பது பட்ஜெட்டில் எந்தத் தலைப்பின் கீழ் வருகிறது? உபயோகமில்லாமல் இரண்டு கோர் மண்ணுக்கடியில் கிடக்கிறது என்று நானே எழுதிக் கையெழுத்துப் போட்டால், தணிக்கையில் என்னைத்தான் முதலில் மண்ணுக்கடியில் வைப்பார்கள். உபயோகமில்லாத பொருளை வாங்கலாம். அதை ஒப்புக்கொள்ளக் கூடாது. நிர்வாகத்தின் அடிப்படையே அதுதான்."

பிறகு அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு தம்முடைய தீர்வைச் சொன்னார். ஆறிலிருந்து நாலுக்குத் திடீரென்று இறங்குவதால்தான் சிக்கல். நடுவில் நூறு கஜத்துக்கு ஐந்து கோர் கேபிள் ஒன்றைப் போட்டால் ஆறு ஐந்தாகி, ஐந்து நாலாகி, எல்லாம் படிப்படியாக முடிந்துவிடும். இரண்டு அலுவலகங்களுக்கும் கௌரவக் குறைவில்லை. சராசரி என்பதால் தணிக்கையும் ஏற்றுக்கொள்ளும்.

"அஞ்சு கோர் கேபிள் எந்தக் கம்பெனியும் செய்யறதில்ல சார்" என்றார் சவுரிராயன்.

"அதற்குத்தான் டெண்டர் விடுகிறோம். யாராவது செய்துதானே ஆக வேண்டும்? பதினெட்டு மாதம் ஆகலாம்."

கோவிந்தம்மாள் அதுவரை வரப்பிலேயே நின்றிருந்தாள். இப்போது செடிகளைத் தாண்டி நேரே கூட்டத்தின் நடுவுக்கு வந்தாள்.

"ஐயா, எனக்கு ஒண்ணு புரியல. நாலுக்கும் ஆறுக்கும் வெலயில எவ்ளோ வித்தியாசம்?"

"அது ரகசியம்" என்றார் நடராசன்.

"மேஸ்திரி, நீ சொல்லு. இந்தக் குழி வெட்டத்தான் எம்மாம் செலவு?"

விருத்தாசலம் தலையைச் சொறிந்தார். "விழுப்புரத்துலேருந்து இது வரைக்கும் நூத்தி இருவது ஆளுங்க, மூணு மாசம் வெட்னோம்மா. ஒயரு விலைய விட வெட்டுக் கூலிதான் பெருசுன்னு கான்ட்ராக்டரே சொல்றாரு. நாலு போட்டாலும் குழி அதேதான். பன்னண்டு போட்டாலும் அதேதான்."

"அப்ப ஒரே தரமா பன்னண்டு போட்டிருந்தா குழி ஒண்ணோட போயிருக்குமே! இப்ப மிச்சம் புடிச்சிட்டு, நாள பின்ன பத்தலன்னா திரும்பவும் என் கொல்லையத்தானே வெட்ட வருவீங்க?"

மூன்று அதிகாரிகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பதில் தலைவரிடமிருந்து வந்தது, மிகவும் பொறுமையாக.

"அம்மா, கேபிள் வேறு தலைப்பு, குழி வேறு தலைப்பு. கேபிளில் மிச்சம் பிடிப்பதுதான் எங்கள் வேலை. குழியில் எவ்வளவு போகிறது என்று பார்க்க எங்களுக்கு அதிகாரமில்லை. பார்த்ததும் இல்லை." அவர் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். "இது சம்மதப் பத்திரம். பதினெட்டு மாதத்துக்கு இந்த நிலத்தில் தண்ணீர் பாய்ச்ச மாட்டோம் என்று. புருஷனும் பெண்சாதியும் கையெழுத்துப் போட வேண்டும்."

பெரியதம்பி பேனாவை வாங்கக் கையை நீட்டினார். நீட்டிய கை பாதியில் நின்றது. பெண்சாதி அவரைப் பார்க்கவே இல்லை. அந்தத் தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போட மாட்டேன்" என்றாள்.

"போடாவிட்டாலும் பாய்ச்சக் கூடாது."

"நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு த்ரீ பேஸ் கரண்டு வரும். மோட்டார் போடப் போறேன். திருட்டுத்தனமா ஒண்ணும் பண்ணல, உங்க மூணு பேருகிட்டயும் சொல்லிட்டுத்தான் செய்யறேன். மேலண்டப் பாத்தியிலேருந்து ஆரம்பிப்பேன். குழி கெழக்கால கடைசிப் பாத்தியில இருக்குது. இருவத்திரெண்டு பாத்தியும் நனஞ்சி தண்ணி இங்க வர மூணு மணி நேரம் ஆவும். அதுக்குள்ள நீங்க ஒட்டறதுன்னா ஒட்டுங்க."

"இது தேசத்தின் தகவல் தொடர்பு!" என்று சீனுவாசன் கத்தினார். "ஜெயிலுக்குப் போக வேண்டியிருக்கும்!"

"போறேன். மல்லாட்டைக்குத் தண்ணி வுட்டதுக்குத்தான் புடிச்சிக்கினு போறாங்கன்னு ரோட்டுல போறவங்ககிட்ட எல்லாம் சொல்லிக்கினே போறேன்."

மறுநாள் ஐந்து கோர் கேபிளுக்கு இடத்தை அளக்க மூவரும் சவுரிராயனையும் விருத்தாசலத்தின் ஆட்களையும் கூட்டிக்கொண்டு எட்டு மணிக்கே வந்துவிட்டார்கள். அவள் செய்ய மாட்டாள் என்றே நினைத்திருந்தார்கள். கரண்டு வந்தது. கோவிந்தம்மாள் மோட்டார் கொட்டகைக்குள் போனாள். தண்ணீர் தொட்டியில் விழுகிற சத்தம் கேட்டது. அவள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, சேலையை இழுத்துச் செருகி, முதல் பாத்தியின் வாய்மடையை வெட்டிவிட்டாள்.

இரண்டாம் பாத்தி நிறைந்தபோது வெங்கடாசலம் ஜீப்பில் ஏறினார். மூன்றாம் பாத்தி நிறைவதற்குள் இறங்கி வந்துவிட்டார். போனால் குழியைக் கைவிட்டவர் என்று எழுதுவார்கள். இருந்தால் பார்த்துக்கொண்டிருந்தவர் என்று எழுதுவார்கள்.

நாலாம் பாத்தியில் சவுரிராயன் வேனிலிருந்து ஒட்டும் மெஷினைத் தூக்கிக்கொண்டு குழிக்குள் இறங்கினார்.

"ஆர்டர் இருக்கா?" என்று நடராசன் கேட்டார்.

"தண்ணி வருது சார்."

"சஸ்பெண்ட் செய்துவிடுவேன்!"

"எழுதிக்கினு இருங்க சார். இத முடிச்சிட்டு வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிக்கிறேன்."

அதற்கு மேல் அதிகாரிகளுக்கு ஒரே ஒரு வழிதான் இருந்தது. நடப்பதைப் பார்த்தால் சாட்சியாகிவிடுவார்கள். வெங்கடாசலம் நாற்காலியைத் திருப்பி, விழுப்புரம் இருக்கும் தெற்குத் திசையைப் பார்த்து உட்கார்ந்தார். சீனுவாசன் திண்டிவனம் இருக்கும் வடக்கைப் பார்த்து உட்கார்ந்தார். நடராசனுக்குச் சொந்தமாகத் திசை ஏதும் இல்லாததால் அண்ணாந்து புளியமரத்தைப் பார்த்தார்.

விருத்தாசலத்தின் ஆட்கள் கேட்காமலே குழியைச் சுற்றி மண்ணை அணைத்தார்கள். உள்ளே இருந்து சவுரிராயனின் குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது.

"எத்தினாவது பாத்தி?"

"ஒம்போது" என்று பதில் கொடுத்தார் பெரியதம்பி. அவர் எப்போது மடை மாற்ற வந்தார் என்று கோவிந்தம்மாளுக்கே தெரியவில்லை. முழங்காலுக்கு மேல் தூக்கிக் கட்டிய வேட்டியோடு பாத்திக்குப் பாத்தி ஓடிக்கொண்டிருந்தார்.

மூன்றாவது இழை ஒட்டுகிறபோது உடைந்துபோயிற்று. திரும்ப உரித்து, திரும்ப வெட்டி, முதலிலிருந்து தொடங்க வேண்டும். தண்ணீர் பதினேழாம் பாத்தியில் இருந்தது. "அம்மா, கொஞ்சம் நிறுத்தறீங்களா?" என்று விருத்தாசலம் மெதுவாகக் கேட்டார். கோவிந்தம்மாள் காலடியில் பார்த்தாள். காய்ந்த மண் தண்ணீரை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. தலை தொங்கிய செடிகள் ஒவ்வொன்றாக நனைந்தன.

"நிறுத்தமாட்டேன் மேஸ்திரி. பாத்திய நெறைய நெறையக் கட்டறேன். அதுக்கே டைம் ஆவும்" என்றாள். அன்றைக்கு அந்தக் கொல்லையில் பதினெட்டாம் பாத்தி குடித்த தண்ணீரை வேறு எந்தப் பாத்தியும் குடிக்கவில்லை.

இருபத்தோராம் பாத்தி பாதி நிறைந்தபோது சவுரிராயன் குழியிலிருந்து கையை உயர்த்தினார். நாலுக்கு நாலு. மீதி இரண்டையும் சுருட்டிப் பெட்டிக்குள் வைத்து மூடி, காற்றுப் புகாமல் இறுக்கியாயிற்று. பன்னிரண்டு பேர் மண்ணைத் தள்ளி மிதித்தார்கள். கடைசி மடையைக் கோவிந்தம்மாளே வெட்டினாள். தண்ணீர் குழி இருந்த இடத்தின் மேலே ஏறி, சற்று நின்று, அந்தப் பக்கம் ஓடியது.

சாயங்காலம் புதிய கேபிளில் முதல் பேச்சு போயிற்று. வெங்கடாசலம்தான் பேசினார். "இந்த ஒட்டுக்கு யார் பொறுப்பு?" என்று கேட்டார். சீனுவாசனின் பதில் பக்கத்தில் நின்று சொல்வது போல அவ்வளவு துல்லியமாகக் கேட்டது. "எனக்குத் தெரியாது. நான் வடக்கே பார்த்துக்கொண்டிருந்தேன்."

குழு ஓர் அறிக்கை கொடுத்தது. மாசி மாதத்தில் வேப்பமேட்டில் எதிர்பாராத வெள்ளம் ஏற்பட்டதாகவும், அதிகாரிகள் மூவரும் உயிரைப் பொருட்படுத்தாமல் களத்திலேயே இருந்து இணைப்பைக் காப்பாற்றியதாகவும் அதில் இருந்தது. மூவருக்கும் பாராட்டுக் கடிதம் வந்தது. சவுரிராயனுக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது. ஒட்டத் தெரிந்த வேறு ஆள் அந்த இரண்டு அலுவலகங்களிலும் இல்லாததால் அது நோட்டீஸோடு நின்றுவிட்டது.

கோவிந்தம்மாளுக்கும் ஒன்று வந்தது. அன்று கொல்லையில் மல்லாட்டை பிடுங்கிப் போட்டு, களத்தில் காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். குழிக்குப் பக்கத்து இரண்டு பாத்தி பொக்கு, உள்ளே பருப்பில்லை. மற்றதெல்லாம் காய் கனத்திருந்தது. தபால்காரர் முருகையன் பச்சை மையில் எழுதிய கடிதத்தை நீட்டினார். வெள்ளத்தை வேண்டுமென்றே ஏற்படுத்தியதற்காக அவள்மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று பத்து நாளைக்குள் எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டுமாம்.

"மன்னிச்சிக்கோங்கன்னு ஒரு வரி எழுதிப் போட்டுட்டா முடிஞ்சிடும்" என்றார் முருகையன். "எல்லாரும் அப்படித்தான் எழுதுவாங்க."

கோவிந்தம்மாள் கையைத் தட்டி மண்ணை உதறினாள். அவரிடமே பேனாவை வாங்கி, அந்தக் கடிதத்தின் பின்பக்கத்தில் நிதானமாக எழுதினாள்.

'ஐயா, அது வெள்ளம் இல்லை. என் கிணற்றுத் தண்ணீர். விட்டது நான்தான். அடுத்த போகத்துக்கும் விடுவேன்.'

கீழே முழுப் பெயரையும் போட்டு, மடிக்கப் போனாள். பெரியதம்பி எழுந்து வந்தார். கண்ணுக்கு அருகில் வைத்து ஒவ்வோர் எழுத்தாகப் படித்தார். இரண்டு தடவை படித்தார். ஏதாவது ஒரு வார்த்தையை அடிக்கச் சொல்வார் என்று அவள் எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மடை மாத்தினது நானு" என்றார் அவர். "அது இதுல இல்லியே?"

பேனாவை வாங்கி, அவள் பெயருக்குக் கீழே தம் பெயரை எழுதினார்.